சொந்தக் கலாசாலையார்க்கு முதலிடம் முறையாமோ?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் வைத்தியர் நியமனத்தைப் பற்றிப் பேச எழுந்து நிற்பது உங்களிற் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். புணர்ச்சி விதி கற்பிப்பவனுக்கு எலும்பு முறிவைப் பற்றி என்ன தெரியும் என்று முன்வரிசையில் ஒருவர் புன்னகை செய்வதை யாம் காணாமலில்லை. அன்னார் புன்னகை நியாயமானதே. ஆயினும் இப்பொறுப்பை யாம் நாடிச் சென்றோமல்லோம். அது எம்மை நாடி வந்தது.

சென்ற கூட்டத்தின் முடிவிலே தீர்மானம் ஒன்று சபை முன் வைக்கப்பட்டது நினைவிருக்கும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். தேறியவர்களுக்கே அக்கல்லூரி ஆஸ்பத்திரியின் எம்.டி., எம்.எஸ். இடங்களில் முதலிடம் தரவேண்டும். அங்ஙனம் தேறியவர்களைக் கொண்டே பிற்காலத்தில் அவ்வாஸ்பத்திரியின் ஆசிரிய உத்தியோகங்களையும் நிரப்பவேண்டும். இவ்விரண்டையும் நம் சங்கத்தின் பெயரால் சர்க்காருக்கு விண்ணப்பம் செய்துகொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். காலம் போதாமையால் அஃது இம்மாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. இடையிலே காரியதரிசியவர்கள் தீர்மானத்தின் நகலை எம் கையில் தந்து, “ஐயா, இதன் தமிழை மட்டும் செப்பம் செய்து கொடுத்துவிடுங்கள்” என்றார்கள். ஒற்றுப் பிழை இரண்டும், ஒருமை பன்மை மயக்கம் ஒன்றும் இருந்தன. அவற்றைத் திருத்த ஐந்து நிமிஷம் போதுமாயிருந்தது. பொருளை நோக்கப் புகுந்தபோதுதான் நான்கு இரவுகள் கழிந்தன.

தீர்மானத்தைக் கொண்டுவந்த அன்பர் நம் சங்கத்திற்கு நெடுநாள் உழைத்தவர். அவருடைய குமாரர் தஞ்சையிலேயே படித்துத் தேறி, மேற்பட்டப் படிப்பிற்கான நீட் தேர்வை இருமுறை எழுதியும் விரும்பிய இடம் கிட்டாமல் வருந்துகின்றார். “ஐந்தரை வருஷம் எந்த வார்டிலே நடந்தானோ, அந்த வார்டிலேயே அவனுக்கு இடமில்லை; எங்கிருந்தோ வருபவர்க்கு இடமுண்டு; இது என்ன நியாயம்?” என்று தகப்பனார் கேட்கின்றார். அவ்வினாவில் பொய்யில்லை. ஆயினும் இதே மண்டபத்தில், தாய்மார் பக்கத்தில், வேறொரு குடும்பமும் அமர்ந்திருக்கின்றது. அவர்கள் மகள் திருநெல்வேலியிலே எம்.பி.பி.எஸ். தேறி, தேர்வில் பெற்ற மதிப்பெண்ணால் தஞ்சையிலே மகப்பேற்று மருத்துவத்தில் இடம் பெற்று, இப்போது இராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் வேலை செய்கின்றாள். இத்தீர்மானம் மூன்று வருஷங்களுக்கு முன்பே நிறைவேறிச் சர்க்காரும் அதனை ஏற்றிருந்தால் அப்பெண் அங்கே இருந்திருக்கமாட்டாள். இருவரும் நம் பிள்ளைகளே. ஒரு பிள்ளைக்காகச் சங்கம் எழுதும் விண்ணப்பம் மற்றொரு பிள்ளையின் இடத்தைப் பறிக்கும் விண்ணப்பமாகவும் இருப்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

இனி, ‘இடம்’ என்னும் சொல்லைச் சற்றே ஆராய்வோம். எம்.டி. இடம், எம்.எஸ். இடம் என்று சொல்லும்போது வகுப்பறைப் பலகையில் அமர்ந்து பாடம் கேட்கும் இடம் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. அவ்விடத்தைப் பெற்றவர் மாதந்தோறும் சர்க்கார் பணம் பெறுபவர். வார்டிலே முறை வைத்து இரவு விழிப்பவர். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வேதனையோடு நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினால், முதலில் கை வைத்துப் பார்ப்பவர் பேராசிரியர் அல்லர். இவ்விடத்தைப் பெற்ற இளைய வைத்தியரே. அவர்களில்லாவிடில் போதனா ஆஸ்பத்திரி ஒருநாளும் நடவாது. ஆகவே அது படிப்பும் ஆகும், உத்தியோகமும் ஆகும். படிப்பென்று மட்டும் கொண்டால் யாருக்குத் தருவது என்பது படிப்பவரைப் பற்றிய வினா. உத்தியோகம் என்று கொண்டாலோ, கட்டிலிற் கிடப்பவரைப் பற்றிய வினாவாகிவிடுகின்றது. தீர்மானத்தை யாம் மூன்று முறை வாசித்தோம். நோயாளி என்ற சொல் அதில் ஓரிடத்தும் வரவில்லை.

சட்டம் இதனைப்பற்றி என்ன சொல்கின்றது என்பதை விரைவாகச் சொல்லிக் கடப்போம். வக்கீல்கள் இச்சபையில் இருக்கின்றார்கள், பிழையிருப்பின் திருத்துவார்கள். 1984ஆம் ஆண்டிலே டாக்டர் பிரதீப் ஜெயின் வழக்கில், நீதிபதி பகவதி அவர்கள் தலைமையில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. இன்ன மாகாணத்தில் குடியிருப்பவர் என்னும் காரணத்தைக் கொண்டு மேற்பட்டப் படிப்பில் இடம் ஒதுக்கலாகாது. ஆனால் அதே கல்லூரியில் எம்.பி.பி.எஸ். தேறியவர் என்னும் காரணத்தைக் கொண்டு ஒரு பகுதி இடங்களில், பாதிக்கு மேற்போகாமல், முதலிடம் தரலாம் என்றது. 2025 ஜனவரி 29ஆம் தேதி சண்டிகார் சர்க்கார் மருத்துவக் கல்லூரியைப் பற்றிய வழக்கிலும் மூன்று நீதிபதிகள் இதனையே உறுதி செய்தனர். அங்கே அரசின் பங்கான 64 இடங்களுள் 32 சொந்தக் கல்லூரி மாணவர்க்கும், 32 அவ்வூரில் குடியிருப்போர்க்கும் என வகுக்கப்பட்டிருந்தன. முன்னது நிலைத்தது, பின்னது செல்லாதாயிற்று. ஆகவே நம் அன்பர் கேட்பது அளவோடு நிற்குமானால் சட்டத்திற்கு முற்றிலும் புறம்பானது என்று யாம் சொல்லமாட்டோம். தரலாம் என்று நீதிமன்றம் சொன்னது. தந்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. தரலாமோ என்பதன்று நம் முன் உள்ள வினா. தருவது முறையோ, அதனை நாம் கேட்பது முறையோ என்பதே.

இவ்விரு தடைகளுக்கும் இடையே உள்ள வேற்றுமை எமக்கு அவ்வளவாக விளங்கவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம். சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடு அகில இந்தியப் பங்கு; எஞ்சிய 85 விழுக்காடு அந்தந்த மாகாணத்தாருக்கே. ஆகவே சொந்தக் கல்லூரியில் தேறியவர் என்றால் பெரும்பாலும் சொந்த மாகாணத்தார் என்றே பொருள். முன்வாயிலில் நிறுத்தப்பட்டவரே கொல்லைப்புற வாயிலால் உள்ளே வருகின்றார்! நீதிபதிகள் இதனை அறியாதவர் அல்லர். கல்லூரியின் தொடர்ச்சி அறுந்துவிடலாகாது என்று கருதி அவ்வளவேனும் இடங்கொடுத்தனர் என்று யாம் கருதுகின்றோம்.

அந்தத் தொடர்ச்சி என்பது யாது? சொந்த மாணவர்க்கு முதலிடம் தரவேண்டும் என்பார் கூறும் நியாயங்கள் இகழத்தக்கன அல்ல. ஐந்தரை ஆண்டுகள் கண்முன்னே வளர்ந்த மாணவனின் கைத்திறனையும் பொறுமையையும் ஆசிரியர் அறிவார். மூன்றரை மணி நேரத் தேர்வுத்தாள் அதனை அறியாது. அம்மாணவனும் ஆஸ்பத்திரியின் நடைமுறையை அறிவான். இரத்த வங்கி எங்கே, எந்த வார்டில் எந்தக் கருவி பழுது, எந்த நர்ஸம்மாவைக் கேட்டால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அவனுக்குப் பாடம். எல்லாவற்றினும் மேலாக, நம் ஜனங்களின் பேச்சு அவனுக்கு விளங்கும். தலைஞாயிற்றுப் பக்கத்துக் கிழவியார் ஒருவர், “நெஞ்சு கரிக்குது தம்பி, அடிவயித்தை இழுத்துப் பிடிக்குது” என்றால், வடதேசத்திலிருந்து வந்த வைத்தியர் அருகில் நிற்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவற்றுள் கடைசி நியாயம் எம் மனத்திற்கு மிகவும் பிடித்தமானது. எம் தொழில் அது. ஆயினும் அது தமிழறிவுக்கு நியாயமேயன்றித் தஞ்சைக் கல்லூரிக்கு நியாயமாகாது. திருநெல்வேலியில் தேறிய பெண்ணுக்குத் தமிழ் தெரியும். தஞ்சையிலே அகில இந்தியப் பங்கில் சேர்ந்து படித்த வடநாட்டு இளைஞருக்கு அரைகுறையாகவே தெரியக்கூடும். தமிழ் வேண்டுமாயின் தமிழிலே தேர்வு வைத்துப் பார்ப்பதே நேர்வழி. நடைமுறை அறிவைப் பற்றியோவெனின், இரத்த வங்கி எங்கே இருக்கின்றது என்பதைக் கற்க மூன்று நாள் போதும். கைத்திறனை ஆசிரியர் அறிவார் என்பது மட்டுமே எஞ்சி நிற்கின்றது. அது மெய், மிகவும் அபாயமான மெய். தம் கண்முன் வளர்ந்தவனை எந்த ஆசிரியரும் சமன்செய்து நோக்க மாட்டார். யாமும் ஆசிரியரே, எம் வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளைகளின் விடைத்தாளை யாம் எவ்வாறு வாசிக்கின்றோம் என்பதை யாமே அறிவோம்.

இதன் விளைவு எவ்வளவு கொடிதாகலாம் என்பதற்கு மேல்நாட்டுச் சரித்திரத்திலே ஒரு வழக்கு உண்டு. சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம். லண்டன் மாநகரில் கய்ஸ் ஆஸ்பத்திரி என்பது பழைய போதனா ஆஸ்பத்திரிகளுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இத்தகைய ஆஸ்பத்திரிகளின் சஸ்திர வைத்தியர்கள் பெரும்பணம் வாங்கிக்கொண்டு சீடர்களைச் சேர்ப்பர். இடம் காலியானால் அச்சீடர்களுள் ஒருவரே, பெரும்பாலும் உறவினரே, அவ்விடத்திற்கு வருவர். கய்ஸ் ஆஸ்பத்திரியில் புகழோங்கியிருந்தவர் ஸர் ஆஸ்ட்லி கூப்பர். அவருடைய தமையனார் மகன் பிரான்ஸ்பி கூப்பர் என்பவரும் அங்கேயே சஸ்திர வைத்தியராக அமர்ந்தார். 1828 மார்ச் மாதத்திலே ஸ்டீபன் பொல்லார்டு என்னும் உழைப்பாளி, ஸஸெக்ஸ் நாட்டுப்புறத்தவர், சிறுநீர்ப்பைக் கல்லுக்காக அவரிடம் வந்தார். மயக்க மருந்து கண்டறியப்படாத காலம் அது. கைதேர்ந்தவர் அச்சிகிச்சையைச் சில நிமிஷங்களில் முடிப்பர். பிரான்ஸ்பி கூப்பரோ, பொல்லார்டைக் கட்டி வைத்த மேசையின் முன்னே, மாணவர் கூட்டம் பார்த்திருக்க, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரு கருவி மாற்றி ஒரு கருவியாகத் துழாவினார். கல் கடைசியில் வந்தது. நோயாளி மறுநாள் இறந்தார்.

தாமஸ் வேக்லி என்பவர் 1823இல் தொடங்கிய ‘லான்ஸெட்’ என்னும் வைத்தியப் பத்திரிகை இந்நிகழ்ச்சியை வெளியிட்டு, அவர் பெரிய கூப்பரின் உறவினராயிராவிடில் அவ்வுத்தியோகம் கிடைத்திருக்குமோ என்று கேட்டது. மானநஷ்ட வழக்குத் தொடர்ந்தது. பிரான்ஸ்பி கேட்ட நஷ்டஈடு 2,000 பவுன். ஜூரிகள் கொடுத்தது 100 பவுன். சட்டப்படி அவருக்கு வெற்றியே. ஆனால் தொகையைக் கண்ட ஊரார் உண்மையை அறிந்துகொண்டனர். இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பிரான்ஸ்பி கூப்பர் கெட்டவர் அல்லர், அவர் அவ்வாஸ்பத்திரியிலேயே பழகியவர், நடைமுறையெல்லாம் அறிந்தவர், ஆசிரியரும் அவரை நன்கறிவார். முன்னே யாம் எடுத்துரைத்த நியாயங்கள் அனைத்தும் அவருக்குப் பொருந்தியிருந்தன. பொல்லார்டுக்கு மட்டுமே பொருந்தவில்லை.

எடின்பரோவிலும் இத்தகைய கதையொன்று உண்டு. அங்கே சர்வகலாசாலையின் உடற்கூற்றுப் பேராசிரியர் பதவி 1720 முதல் 1846 வரை மன்ரோ என்னும் ஒரே குடும்பத்தில் பாட்டன், மகன், பேரன் என்று இறங்கி வந்தது. மூவர் பெயரும் அலெக்ஸாண்டர் மன்ரோவே. பெயர்ப்பலகையை மாற்றும் செலவும் மிச்சம்! முதல் இருவரும் பெரும்புலவர். மூன்றாமவர் வகுப்பிலே இளைஞரான சார்லஸ் டார்வின் அமர்ந்திருந்து சலித்துப் போனார். நம் பக்கத்து மிராசுதாரர் எவரையேனும் கேளுங்கள்: தம் வயலின் விதைநெல்லையே வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப விதைப்பாரோ? அடுத்த ஊருக்குக் கொடுத்து அடுத்த ஊர் விதையை வாங்கிக்கொள்வதன்றோ வழக்கம். ஜெர்மனி தேசத்துச் சர்வகலாசாலைகளில் தம்மிடம் பயின்றவரைத் தம்மிடமே பேராசிரியராக அமர்த்தலாகாது என்றொரு கட்டுப்பாடு வழங்கிவருவதும் இக்கருத்துப் பற்றியே போலும்.

“மேல்நாட்டுக் கதை எதற்கு? நம் நாட்டிலே காணியாட்சி என்பதுதானே வழக்கம்? தகப்பன் செய்த தொழில் மகனுக்கு, ஊரார் செய்த தொழில் ஊராருக்கு என்று சோழர் காலத்திலிருந்தே வந்ததன்றோ?” என்று ஒருவர் எம்மைக் கேட்டார். காணி என்னும் சொல்லை அவர் எடுத்ததில் எமக்கு மகிழ்ச்சியே. குந்தவைப் பிராட்டியார் தம் தந்தையார் சுந்தர சோழர் பெயரால் இத்தஞ்சையிலே ஓர் ஆதுலர் சாலை அமைத்து, அதற்கு நிலமும் விட்டார். ஆயினும் அதனினும் நமக்குத் தெளிவாக விடை தருவது பெரிய கோயிற் கல்வெட்டு ஒன்று. இராஜராஜ சோழர் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும், பாடுவோர், கொட்டுவோர், கணக்கர், தையற்காரர், வண்ணார், நாவிதர் முதலான பலரையும் கோயிற் பணிக்கு அமர்த்தி, பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் வகுத்து, அதனைச் சுவரிலே வெட்டுவித்தார். அப்பணியாளருள் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ யாரை அமர்த்துவது என்பதற்கும் அங்கேயே விதி உண்டு.

அவ்விதியின் பொருளை எம் சொல்லால் கூறுகின்றோம். இறந்தவருக்கு அடுத்த முறைமையிலுள்ள உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்க. அவ்வுறவினர் தாமே தகுதியுடையவர் அல்லராயின், தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து அமர்த்திப் பணி செய்வித்துப் பங்கைப் பெறுக. உறவினரே இல்லையாயின், அதே பணியிலிருக்கும் மற்றவர் கூடித் தகுதியுடையாருள் ஒருவரைத் தேர்க. ஆயிரமாண்டுகளுக்கு முன்னைய ஏற்பாடு இது. உறவினர்க்கு முதலிடம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. பங்கின் பயன் அவருக்கே போயிற்று என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் தகுதியில்லாதவன் மேளத்தைத் தொடலாகாது என்பதிலே மன்னர் தளரவில்லை. மேளம் தவறினால் செவி நோகும், அவ்வளவே. அதற்கே அத்துணைக் கட்டுப்பாடு!

நம் முன்னோர் இச்சலுகையின் மறுபக்கத்தை நன்கு அனுபவித்தவர்கள் என்பதையும் மறக்கலாகாது. வெள்ளையர் ஆட்சியிலே பெரிய ஆஸ்பத்திரிகளின் உயர் பதவிகளும் கல்லூரிப் பேராசிரியர் பதவிகளும் பெரும்பாலும் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் என்னும் ராணுவ வைத்தியப் பகுதியாருக்கே உரியனவாயிருந்தன. 1855 முதல் அதற்குப் போட்டிப் பரீட்சை உண்டு, இந்தியரும் எழுதலாம் என்றார்கள். பரீட்சையை லண்டனிலே வைத்தார்கள். இங்கேயே படித்து இங்கேயே உழைத்த நம் வைத்தியர்கள் உதவியாளராகவே மூப்படைந்தனர். 1835இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கு ஓர் இந்தியர், டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார், முதல்வராவதற்கு 1939ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. “எங்கள் பகுதியார் எங்களை அறிவர், தொடர்ச்சி கெடும்” என்பதே அன்று அவர்கள் சொன்ன நியாயமும்.

இனி, எம் முகத்திற்கு நேரே கேட்கப்படாவிடினும் இச்சபையில் பலர் நெஞ்சில் எழும் வினாவிற்கு வருகின்றோம். “ஜாதி வாரியாக இடம் ஒதுக்குவதை நம் சங்கம் ஆதரிக்கின்றது. அங்கேயும் மதிப்பெண் குறைந்தவர் வருகின்றாரே. அதனை ஏற்பவர் இதனை ஏன் எதிர்க்கவேண்டும்?” என்பது அவ்வினா. இரண்டும் ஒன்றல்ல. முன்னது, தலைமுறை தலைமுறையாக வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை உள்ளே அழைப்பது. பின்னது, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவருக்கு வாயிலைச் சாத்திக்கொள்ளும் உரிமை கொடுப்பது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலே மேற்பட்ட இடங்களில் மூன்றிலொரு பங்கு சொந்த மாணவர்க்கென்று இருந்தது. 2001 ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றம், நீதிபதி லகோத்தி அவர்களின் தீர்ப்பால், அதனைத் தள்ளியது. அக்கணக்கை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது என்ன தெரியுமோ? தாழ்த்தப்பட்டோர் பங்கிலே போட்டியிட்டு இடம் பெறாதவர்களைவிடவும் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற சொந்த மாணவர்கள் இடம் பெற்றிருந்தனர். ஒதுக்கீட்டால் தகுதி கெடுகின்றது என்று கூக்குரலிடுவோர் எவரும் அந்தப் பங்கைப்பற்றி அதுவரை வாய்திறந்ததாக யாம் அறியோம். நம் சங்கம் அவ்வரிசையில் போய் நிற்கலாகாது என்பதே எம் கவலை.

ஆயின் எவ்வகை முன்னுரிமையும் கூடாதோவெனின், யாம் அங்ஙனம் சொல்லவில்லை. ஒன்றுக்கு எம் ஆதரவு முழுமையாக உண்டு.

நீர்ப்பாசனத்தை அறிந்த உங்களுக்கு அதனை விளக்குவது எளிது. மேட்டூர் திறந்து, கல்லணை கடந்து வரும் நீர் தலைமடைக்காரர் வாசலில் முதலில் ஓடுகின்றது. அவர் வேண்டுமட்டும் பாய்ச்சி, மிஞ்சியதை விட்டால், கீழையூருக்கும் வேதாரணியத்திற்கும் சேறுகூடப் போய்ச்சேராது. அதற்காகவே முறை வைக்கின்றோம். வைத்தியமும் அவ்வாறே. தஞ்சை தலைமடை. 1959இல் இங்கே கல்லூரி வந்தது. திருவாரூருக்கு 2010 வரையும், நாகப்பட்டினத்திற்கு 2022 வரையும் கல்லூரி இல்லை. வேதாரணியத்தார் கடும்நோய் கண்டால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து தஞ்சைக்கு வந்த காலத்தை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். அக்கடைமடை ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலே, மின்விளக்கு அணைந்த இரவுகளிலும் பாம்புக்கடிக்கும் பிரசவத்திற்கும் முகங்கொடுத்து, சில ஆண்டுகள் பணி செய்த சர்க்கார் வைத்தியர் ஒருவர் மேற்பட்டப் படிப்புக்கு வரும்போது, அவருக்குத் தனிப் பங்கு தருவதை யாம் பட்சபாதம் என்று சொல்லோம். நம் மாகாணத்தில் நெடுநாள் வழங்கிய அப்பங்கு 2017இல் மெடிக்கல் கவுன்சில் விதிகளால் தடைப்பட்டது. 2020 ஆகஸ்ட் 31ஆம் தேதி, தமிழ்நாடு மருத்துவ அதிகாரிகள் சங்கத்தார் தொடுத்த வழக்கிலே, ஐந்து நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, மாகாணங்களுக்கு அப்பங்கை வகுக்கும் அதிகாரம் உண்டு என்று தீர்த்தது. அதனோடு, அப்பங்கினால் படித்தவர் பின்னர் ஐந்தாண்டேனும் கிராமப்புறங்களிலும் மலைப்புறங்களிலும் பணி செய்ய எழுதிக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியது.

இதுவும் ஒருவகையில் தன் வீட்டாருக்குத் தரும் முதலிடமே. சர்க்கார் தன் ஊழியருக்குத் தருவது. ஆயினும் வேறுபாட்டை நோக்குங்கள். அது படித்த இடத்திற்குத் தரும் கூலியன்று, செய்த வேலைக்குத் தருவது. எந்தக் கல்லூரியில் தேறியவரும் அவ்வேலையில் சேரலாம். கொடுத்ததைக் கடைமடையே திரும்பப் பெற்றுக்கொள்கின்றது. (வேலை செய்யாமலே செய்ததாகச் சான்று வாங்குவோர் இலரோவெனின், இருப்பர், நெல் உள்ள இடத்தில் எலியும் உண்டு. அதற்கு எலிப்பொறி வைக்கவேண்டுமேயன்றிக் களஞ்சியத்தை இடிக்கலாகாது.) 2020இல் நம் சட்டசபை சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். இடங்களில் 7.5 விழுக்காடு வகுத்ததையும் யாம் இவ்வாறே கருதுகின்றோம். அதுவும் படித்த நிலையத்தைப் பார்த்துத் தருவதே. ஆனால் பணத்தாலோ பரிந்துரையாலோ எவரும் இடம் பிடிக்க அலையாத நிலையம் அது. அப்பங்கில் வைத்தியரானவரின் தாயார் ஒருவர் எம் பள்ளி வாசலுக்கு வந்து, சொல் ஒன்றும் எழாமல், ஒரு தார் வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

நம் சங்கத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. நம் கல்வி நிதியிலிருந்து நம் குலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே உதவி செய்கின்றோம். அதனை வைத்துக்கொண்டு பிறருக்கு நியாயம் சொல்லலாமோ என்று எம் மனைவியாரே எம்மைக் கேட்டார். நான்கு இரவுகளுள் ஓர் இரவு அவ்வினாவிலேயே கழிந்தது. எமக்குத் தோன்றிய விடை இது: கல்வி நிதி நாம் நெல்லாகவும் பணமாகவும் கொடுத்துச் சேர்த்தது, கொடுத்தவர் விருப்பப்படி அது செல்லலாம். ஆஸ்பத்திரி அப்படியன்று. அரசரும் மிராசுதார்களும் தொடக்கத்திலே வழங்கினர் என்பதற்கு இராஜா மிராசுதார் என்னும் பெயரே சான்று. ஆனால் இன்று அதனை நடத்துவது தீப்பெட்டி வாங்குபவனும் கொடுக்கும் வரி. அதிலே காணி கேட்க நம் சங்கத்துக்கும் உரிமையில்லை, தஞ்சைக் கல்லூரியில் தேறியவர்க்கும் உரிமையில்லை. இவ்விடை எம் மனைவியாரை முழுவதும் திருப்தி செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

தீர்மானத்தைக் கொண்டுவந்த அன்பரின் குமாரரை யாம் நேரிற் கண்டு பேசினோம். தம் தகப்பனாரைவிட அவர் நிதானமாகவே இருக்கின்றார். கடைமடையில் சர்க்கார் உத்தியோகம் ஏற்றுச் சில ஆண்டுகள் பணி செய்யலாமோ என்று எண்ணிக்கொண்டிருப்பதாகவும், வீட்டார்தாம் சம்மதிக்கவில்லை என்றும் சொன்னார். இதனைச் சபையில் வெளியிட அவரிடம் அனுமதி பெற்றே வெளியிடுகின்றோம். தகப்பனார் எம்மைப் பொறுத்தருள்வாராக.

ஆகவே யாம் வேண்டும் திருத்தங்கள் இவை. ‘தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் தேறியவர்களுக்கே’ என்னும் தொடரை நீக்கிவிட்டு, மதிப்பெண் முற்றிலும் சமமாக நிற்கும் இருவருள் ஒருவரைத் தேர நேருங்கால் மட்டும் அவ்வாஸ்பத்திரியில் பயின்றவரைக் கருதலாம் என்று அமைக்கவேண்டும். ஆசிரிய உத்தியோகங்களைப் பற்றிய இரண்டாம் பத்தியை முழுவதும் எடுத்துவிடவேண்டும். அதற்கு மாறாக, கடைமடைச் சுகாதார நிலையங்களில் உழைக்கும் வைத்தியர்க்குரிய பங்கு குறைவுபடாமற் காக்கவேண்டும் என்றும், போதனா ஆஸ்பத்திரிகளில் காலியாகும் இடங்களைத் தாமதமின்றி நிரப்பித் தேர்ந்தெடுத்தோர் பட்டியலை மதிப்பெண்ணோடு வெளியிடவேண்டும் என்றும் சர்க்காரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். திருநெல்வேலியில் தேறிய நம் பெண்ணின் தாயார் இதனை ஆமோதிப்பதாகச் சொல்லியிருக்கின்றார்கள்.

காரியதரிசியவர்களிடம் இரண்டு நகல்கள் கொடுத்திருக்கின்றோம். ஒன்று பழைய பொருளோடு கூடியது. மற்றொன்று யாம் இப்போது கூறிய திருத்தங்களோடு கூடியது. ஒற்றுப் பிழைகளை இரண்டிலும் திருத்தியிருக்கின்றோம். சபையோர் எதனை வேண்டுமாயினும் நிறைவேற்றலாம்.